எலி பிழைத்தது சரி, குப்பைத் தொட்டி? ஆர்கன் சிப் பற்றி ஒரு சந்தேகம்

நாகமலைக்காரி

வணக்கம். நாகமலைப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருக்கிறேன். போன வாரம் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எங்களுக்கு ஆர்கன் ஆன் சிப் பற்றி, அதாவது எலிக்குப் பதிலாக மனித செல் வளர்த்த சிப்பில் மருந்தைச் சோதிக்கும் முறை பற்றி, ஒரு மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்லைடுக்கு ஸ்லைடு ஓரத்தில் ஒரு பச்சை இலை. எலி சாகவில்லை, அதனால் இது பசுமைத் தொழில்நுட்பம், அவ்வளவுதான் கணக்கு. கைதட்டிவிட்டு லேபுக்குத் திரும்பினால், காலையில் நான் கட்டாமல் விட்டுப் போன குப்பைப் பை வாய் பிளந்து கிடக்கிறது. கையுறை, திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டின் டிப், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் வரும் பெரிய பிளாஸ்டிக் பிப்பெட், சிரிஞ்ச், ஃபில்டர், செல்லுக்கு ஊற்றும் ஊட்டத் திரவமான மீடியம் வந்த பாட்டில். இத்தனையும் ஒரு காலை வேளையில் ஆறு சிப்புக்கு.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிப் என்றால் கிட்டத்தட்ட பென் டிரைவ் அளவு. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், தொட்டால் ரப்பர். சிலிக்கோன்தான். உள்ளே மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய வாய்க்கால், நடுவில் பொடித் துளை போட்ட ஒரு சவ்வு. நுரையீரல் சிப் என்றால் சவ்வின் மேல்பக்கம் மனித நுரையீரல் செல்களும் காற்றும், கீழ்ப்பக்கம் ரத்தக்குழாய் செல்களும் ரத்தத்துக்குப் பதிலாக ஓடும் ஊட்டத் திரவமும். பக்கவாட்டில் வெற்றிடம் வைத்து இழுத்து விட்டால் மூச்சு விடுவது போலச் சவ்வு விரிந்து சுருங்கும். 2010-இல் ஹார்வர்டின் வைஸ் இன்ஸ்டிடியூட்டில் டான் ஹூவும் டொனால்ட் இங்பரும் இதைச் செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று கல்லீரல், குடல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் சிப் உண்டு. மருந்தை அந்தத் திரவத்தில் கலந்து ஓடவிட்டு, செல் என்ன ஆகிறது என்று பார்ப்பது.

என் கேள்வி இதுதான். எலியைக் காப்பாற்றிய கணக்கில் இந்தக் குப்பையையும் கரண்ட்டையும் யாராவது சேர்த்துப் பார்த்திருக்கிறார்களா? இல்லை, நான்தான் தேவையில்லாமல் யோசிக்கிறேனா?

தவளைவாத்தியார்

தேவையில்லாமல்தான் யோசிக்கிறீர்கள் என்று உரிமையோடு சொல்கிறேன் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன். ஜூன் மாதம் வந்தால் தவளை பிடித்துத் தருகிற ஆள் கோணிப்பையோடு கல்லூரி வாசலில் நிற்பார். குளோரோஃபார்ம் பஞ்சு, மெழுகுத் தட்டு, குண்டூசி. அரைகுறை மயக்கத்தில் ஒரு தவளை தட்டிலிருந்து குதித்து ஓடியதும், ஒரு மாணவி அழுதுகொண்டே வகுப்பை விட்டுப் போனதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. 2014-இல் யூஜிசி அறுப்பதை முழுவதுமாக நிறுத்தச் சொன்னபோது துறையில் பாதிப் பேர் புலம்பினார்கள். நான் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். உயிர் போவதும் பிளாஸ்டிக் போவதும் ஒரே தராசில் நிற்குமா?

கடைச்சரக்கு

சிம்மக்கல் பக்கம் மருந்துக்கடை. இந்த லேப் சமாச்சாரம் எனக்குப் புரியாது, ஆனால் கடைசியில் மருந்து வருவது என் ரேக்குக்குத்தான். நிமிசுலைடு சிரப்பைக் குழந்தைக் காய்ச்சலுக்கு எத்தனை பாட்டில் விற்றிருப்போம்? கல்லீரலுக்கு ஆகாது என்று 2011-இல் 12 வயதுக்குக் கீழே தடை போட்டார்கள். எலியில் பார்த்து, நாயில் பார்த்து, எல்லாம் பார்த்துத்தானே அதுவும் கடைக்கு வந்தது? உங்கள் சிப் இருந்திருந்தால் முதலிலேயே பிடித்திருக்குமா? அதைச் சொல்லுங்கள். குப்பைக் கதை அப்புறம்.

நாகமலைக்காரி

அண்ணே, நிமிசுலைடைப் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எலி, நாய், குரங்கு எல்லாம் சரி என்று சொல்லி மனிதனிடம் வந்து உயிரை வாங்கிய மருந்துக்கு உதாரணம் இருக்கிறது. ஃபியாலுரிடின் என்று ஹெபடைட்டிஸ் பி-க்கு ஒரு மருந்து. 1993-இல் அமெரிக்காவில் 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு பேருக்குக் கல்லீரல் கைவிட்டது, ஐந்து பேர் இறந்தார்கள், மற்ற இரண்டு பேர் மாற்றுக் கல்லீரல் வைத்துத்தான் பிழைத்தார்கள்.

சிப் பக்கம் இப்போதைக்குப் பெரிய ஆதாரம் 2022 டிசம்பரில் வந்த கல்லீரல் சிப் ஆய்வு. 27 மருந்து, 870 சிப். மனிதக் கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைச் சிப் சரியாகக் காட்டிக் கொடுத்தது, கெடுக்காத மருந்து எதையும் தப்பாகக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கெட்ட மருந்துகளில் பல விலங்குச் சோதனையைத் தாண்டி வந்தவை. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது, ஆய்வைச் செய்தது அந்தச் சிப்பைத் தயாரித்து விற்கும் எமுலேட் கம்பெனிதான். மாவு ஆட்டுகிறவரே இட்லிக்கு மார்க் போட்ட மாதிரி. ஆனால் முடிவுகளை முழுக்க வெளியிட்டிருக்கிறார்கள், யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

கரண்ட்போச்சு

870-ஐ 27-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மருந்துக்கு 32 சிப். எலியில் 28 நாள் நச்சுச் சோதனைக்கு, பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் வழிகாட்டி 407 சொல்வது என்ன? ஒரு டோஸுக்கு 5 ஆண், 5 பெண். மூன்று டோஸ், மருந்தே கொடுக்காத ஒரு கன்ட்ரோல். ஆக 40 எலி. 32 சிப்புக்கு 40 எலி என்று வைத்துக்கொண்டால் ஏதோ ஒன்றுக்கு ஒன்று போல இருக்கிறதல்லவா, இனி குப்பையை ஒப்பிடலாம்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பராமரிப்பு பார்த்தவன். சிப் பக்கம் செல்லை வைத்து வளர்க்க 37 டிகிரியில் ஓடும் இன்குபேட்டர், மைனஸ் 80 ஃபிரீசர், பம்ப். அந்த ஃபிரீசர் ஒன்று மட்டும் ஒரு நாளைக்கு 20 யூனிட் பக்கம் இழுக்கும், என் வீட்டுக்கு நாலைந்து நாளைக்கு ஆகிற கரண்ட் அது. எலி வீடு மட்டும் சும்மா இருக்கிறதா? மணிக்கு 10 முதல் 15 தடவை அறைக் காற்று முழுவதையும் மாற்ற வேண்டும், அதுவும் மதுரை மே மாதத்து வெயிலில் வெளிக்காற்றை இழுத்து, குளிர வைத்து, உள்ளே விட்டு, திரும்ப வெளியே தள்ளி, இரவு பகல் பாராமல். எலி இருந்தாலும் ஏசி ஓடும், எலி இல்லாவிட்டாலும் ஓடும். எங்கள் கல்லூரியில் மீட்டர் வேகமாகச் சுற்றியது அங்கேதான்.

மாட்டுடாக்டர்_மேலூர்

கரண்ட்போச்சு, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று வைக்க முடியாது. 40 எலி என்றால் 40 முழு உடம்பு. கல்லீரல், சிறுநீரகம், இதயம், மூளை, ரத்தம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். உங்கள் 32 சிப் கல்லீரலைப் பற்றி மட்டும் பேசும். சிறுநீரகத்துக்குத் தனி சிப், குடலுக்குத் தனி சிப், பிறகு இவற்றைக் குழாய் போட்டு இணைக்கிறேன் என்று இன்னொரு வேலை. எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். நான் எலிக்கு வக்காலத்து வாங்கவில்லை, தராசு நேராக இருக்க வேண்டும் என்கிறேன்.

அப்புறம் வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கேள்வி. சிப்புக்குள் ஓடும் அந்த ஊட்டத் திரவத்தில் பல லேபுகளில் பத்து சதவீதம் என்ன ஊற்றுகிறார்கள் தெரியுமா? கன்றுக்குட்டிச் சீரம். பிறந்த கன்று என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சினையாக இருந்த மாட்டை வெட்டும்போது வயிற்றுக்குள் இருக்கும் கன்றின் இதயத்தில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்திலிருந்து பிரிப்பது. சினை ஊசி போட்டே வயதான எனக்கு அந்தப் பாட்டில் லேபிளைப் படித்தாலே ஒரு மாதிரி இருக்கும். செல் ஒட்டி வளர அடியில் பூசும் மேட்ரிஜெல் எலியின் கட்டியிலிருந்து வருகிறது. கொலாஜன் எலி வாலிலிருந்து. விலங்கில்லாச் சோதனை என்று இலைப் படம் போடுகிறவர்கள் இதற்கு என்ன படம் போடுவார்கள்?

தவளைவாத்தியார்

இது எனக்குத் தெரியாது டாக்டர். உண்மையாகவே தெரியாது. பாயசத்தைத் திருப்பிக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது.

நாகமலைக்காரி

டாக்டர் சார் சொல்வது சரி, மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் லேபில் இன்றைக்கும் அந்தச் சீரம் பாட்டில்தான் ஃபிரீசரில் இருக்கிறது. சீரம் இல்லாத மீடியம் கிடைக்கிறது, ஆனால் செல்லுக்குச் செல் வேறு கலவை, விலையும் கூடுதல், செல்லைப் பழக்கப்படுத்த வாரக் கணக்கில் ஆகும். இன்னொரு வழி, ரத்த வங்கியில் ஐந்து நாள் தாண்டிக் காலாவதியான பிளேட்லெட் பைகள். அதை உறைய வைத்து உருக்கினால் செல்லை வளர்க்கும் சத்து வெளியே வரும், சில செல் வகைகளுக்குக் கன்றுச் சீரத்துக்குப் பதிலாக அதையே ஊற்றலாம். எப்படியும் எரிக்கப் போகும் பை அது. மதுரையில் இத்தனை ரத்த வங்கி இருக்கிறது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கினால் நடக்கும். இதுவரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சிப்புக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். சிப்பில் திரவம் மணிக்கு 30 மைக்ரோ லிட்டர் அளவில்தான் ஓடும். இரண்டு வாய்க்காலுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிகூட ஆகாது. இரண்டு வாரம் ஓட்டினாலும் ஒரு டீ கிளாஸ் நிறையாது. சோதனை மருந்தும் துளியளவு போதும். புது மருந்து மூலக்கூறு கிராம் கணக்கில் கிடைக்காத ஆரம்பக் கட்டத்தில் இது பெரிய விஷயம்.

தார்ரோடு

இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். இந்தக் குப்பைக்கு மதுரையில் பதில் இல்லையா என்ன! தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்து ரோடு போட வழி கண்டுபிடித்து 2018-இல் பத்மஸ்ரீயும் வாங்கியிருக்கிறார். சிப்பையும் துருவி ரோட்டில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. நோயாளியைக் காப்பாற்றிய கல்லீரல் மேல் பஸ் ஓடும்.

சிவப்புப்பை

தம்பி, ஆசை நல்ல ஆசைதான், ஆனால் நடக்காது. ஆஸ்பத்திரிக் கழிவுதான் எனக்குப் பத்து வருடச் சோறு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு வகை. கிருமி பட்ட பிளாஸ்டிக், அதாவது டியூப், ஊசி கழற்றிய சிரிஞ்ச், கையுறை எல்லாம் சிவப்பு. சிவப்புப் பை ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் பெட்டியில், வெந்து, துண்டாகி, மறுசுழற்சிக்குப் போகும். மனித, விலங்குத் திசு, லேபில் வளர்த்த செல், காலாவதி மருந்து எல்லாம் மஞ்சள். அது எரியுலைக்குப் போகும். இப்போது உங்கள் சிப்பை என்ன செய்வது? வெளியே பிளாஸ்டிக், உள்ளே மனித செல், அதற்குள் இன்னும் பெயர்கூட வைக்காத மருந்து. சிவப்பா மஞ்சளா என்று என் பையன்கள் கேட்டால் நான் மஞ்சள் என்றுதான் சொல்வேன். புற்றுநோய் மருந்து வகை என்றால் சந்தேகமே இல்லை, 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும். கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் லேபில் வைத்திருக்கவும் கூடாது, பையில் பார்கோடு இருக்க வேண்டும்.

நடப்பு என்ன? பெரிய ஆஸ்பத்திரி ஒழுங்காக இருக்கிறது, ஆள் வந்து பார்ப்பார்கள் என்ற பயம். சின்ன லேப்தான் பிரச்சினை. ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) செல் வளர்த்த தட்டுகளைச் சாதாரணக் கறுப்புக் கவரில் கட்டி மாநகராட்சி வண்டியில் போட்டுவிட்டார்கள். அது போகிற இடம் அவனியாபுரம் வெள்ளக்கல் கிடங்கு. அங்கே கையால் குப்பை பிரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள், செருப்புகூட இல்லாமல். பசுமை பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும்.

எலி வீட்டுக் கழிவும் லேசுப்பட்டது இல்லை. செத்த எலி மஞ்சள் பை. படுக்கைக்குப் போட்ட உமி மூட்டை மூட்டையாக வரும், அதில் சோதனை மருந்து கலந்த மூத்திரம். எடை போட்டால் எலிப் பக்கம்தான் தராசு இறங்கும் என்பது என் அனுபவம். ஆனால் உமி மட்கும், சிலிக்கோன் மட்காது.

நாகமலைக்காரி

தார்ரோடு தம்பிக்கு ஒரு சின்ன வேதியியல். வாசுதேவன் சார் முறையில் 170 டிகிரி பக்கம் சூடான ஜல்லி மேல் துருவின பிளாஸ்டிக்கைத் தூவுவார்கள், அது உருகி ஜல்லியைப் பூசிக்கொள்ளும், பிறகு தார். கேரி பேக், கப் மாதிரி உருகுகிற பிளாஸ்டிக்குக்குத்தான் அது சரிப்படும். எங்கள் சிப் பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன். பிசினும் கடினமாக்கியும் 10-க்கு 1 கலந்து அச்சில் ஊற்றி அடுப்பில் வைத்தால் இறுகும். இட்லி வெந்த பிறகு திரும்ப மாவாகாதே, அப்படித்தான். திரும்ப உருகாது. எரித்தால் மணல் மாதிரி சிலிக்காச் சாம்பல் மிஞ்சும்.

இந்தப் பிடிஎம்எஸ்ஸில் வேறொரு வம்பும் உண்டு. எண்ணெய்ச் சுபாவமுள்ள மருந்து மூலக்கூறுகளைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். நாம் பத்து பங்கு மருந்து அனுப்பினால் செல்லுக்கு எத்தனை போய்ச் சேர்ந்தது என்றே தெரியாது. அதனால்தான் கழுவித் திரும்பப் பயன்படுத்தவும் பயம், போன வாரத்து மருந்து இந்த வாரம் கசியும். உருகும் பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்த சிப்புகள் வந்துவிட்டன, அவை இவ்வளவு உறிஞ்சாது. சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ-வில்கூடச் செய்து பார்த்து 2020-இல் கட்டுரை போட்டிருக்கிறார்கள். ஆனால் பிஎல்ஏ தோட்டத்து எருக்குழியில் மட்காது, சூடேற்றிய தொழிற்சாலைக் குழி வேண்டும், மேலே சிவப்புப்பை அண்ணன் சொன்ன மஞ்சள் பைக்குள் போன பிறகு சோளமானாலும் சிலிக்கோனானாலும் ஒரே உலைதான். பொருளை மாற்றுவதால் மட்டும் பெரிதாக எதுவும் ஆகிவிடாது என்பது என் எண்ணம்.

தேங்காய்ச்சில்லு

தமிழில் இதற்கு உறுப்புச் சில்லு என்று பெயராம். தலைப்பைப் பார்த்துவிட்டுச் சமையல் குறிப்பு என்று உள்ளே வந்துவிட்டேன். கல்லீரல் சில்லு என்றால் ஈரல் வறுவல் என்றுதானே நினைப்பேன்? மன்னிக்கவும், தொடருங்கள்.

கடைச்சரக்கு

சிரித்துவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருவோம். சட்டம் என்ன சொல்கிறது? சிப்பில் பார்த்தேன், எலி வேண்டாம் என்று ஒரு கம்பெனி போய் நின்றால் அனுமதி கிடைக்குமா?

நாகமலைக்காரி

அமெரிக்காவில் 1937-இல் ஒரு சல்ஃபா மருந்தை நச்சுக் கரைப்பானில் கலக்கி விற்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கடுத்த வருடம் வந்த சட்டத்திலிருந்து விலங்குச் சோதனை கட்டாயம் ஆனது. அந்தக் கட்டாயத்தை 2022 டிசம்பர் கடைசியில் எடுத்துவிட்டார்கள். சிப், கம்ப்யூட்டர் மாதிரி எதுவானாலும் ஆதாரமாக வைக்கலாம் என்றானது. விலங்கு கூடாது என்று அர்த்தமில்லை, விலங்கு மட்டுமே வழி இல்லை என்று அர்த்தம். நம் நாட்டிலும் 2023 மார்ச்சில் புதிய மருந்து விதிகளைத் திருத்தி ஆர்கன் சிப்பைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆன்டிபாடி மருந்துகளிலிருந்து தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைப்போம் என்று அறிவித்தது.

எனக்கு உறுத்துவது இங்கேதான் அண்ணே. கதவு திறந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் முதல் ஆளாக உள்ளே போகத் தயங்குகின்றன. கோப்பு திரும்பி வந்துவிட்டால் வருடம் போய்விடுமே என்று பயம். அதனால் எலியிலும் பார்க்கிறார்கள், சிப்பிலும் பார்க்கிறார்கள். 40 எலியும் செத்தது, 32 சிப்பும் குப்பையானது. எலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தால்தான் சிப் பசுமை. எலிக்குப் பக்கத்தில் வைத்தால் அது இன்னொரு குப்பைப் பை. சிலிக்கோனா சோளமா என்பதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

மாட்டுடாக்டர்_மேலூர்

இதை நீங்கள் முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் கன்றுக்குட்டியை இழுத்திருக்க மாட்டேன்.

ஆனாலும் ஒரு திருத்தம். ஆரம்பத்திலேயே சிப்பில் தேறாத மருந்து எலிக்கே போகாதல்லவா? பத்து மூலக்கூறில் எட்டைச் சிப் கழித்துவிட்டால் இரண்டுக்குத்தான் எலி. கோப்பில் எலி இருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். பக்கத்தில் வைத்தாலே குப்பை என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம்.

நாகமலைக்காரி

ஒப்புக்கொள்கிறேன் சார். முன்னால் வைத்தாலும் பலன் உண்டு. பக்கத்தில் வைப்பதைத்தான் சொன்னேன்.

கண்ணாடிக்காரர்

தாமதமாக வந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று முதல் பதிவில் ஒரு கேள்வி இருந்தது. சிப்புக்கு இல்லாவிட்டாலும் நம் ஊரிலேயே அறுவை சிகிச்சைக்குப் போட்டிருக்கிறார்கள். 2017-இல் வந்த ஆய்வு. அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு கண்புரை ஆபரேஷனுக்கு ஏறக்குறைய 6 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவு, குப்பை 250 கிராம். இங்கிலாந்தில் அதே ஆபரேஷனுக்கு ஆகிற கார்பனில் இது ஐந்து சதவீதம்தான். ஆபரேஷன் பலன் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். கருவிகளைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது, ஒருவருக்கு ஒன்று என்று பிரித்துத் தூக்கி எறியாதது, அடுத்தடுத்து வேலை ஓடுவது, இவைதான் காரணம். யாரும் பசுமைக்காகச் செய்யவில்லை, காசுக்காகச் செய்தது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த இடத்தில் வீணாக்கக் காசு ஏது?

லென்ஸ் கதையும் அப்படித்தான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலைக்கு வந்துகொண்டிருந்தது. 1992-இல் ஆரோலேப் ஆரம்பித்து இங்கேயே செய்து, ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தார்கள். சிப்பை டிரை ஐஸ் போட்டு விமானத்தில் கொண்டுவருவது தேவையா என்று யோசிக்கிறவர்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம். இன்னொன்று, இதே ஊரில் அரவிந்தின் ஆராய்ச்சிப் பிரிவில், தானமாக வந்த கண்ணின் முன்பகுதியை உயிரோடு வைத்து, அழுத்தம் கொடுத்து, ஸ்டீராய்டு மருந்து அந்தக் கண்ணை என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். சிப்பும் இல்லை, எலியும் இல்லை. மனிதக் கண்ணிலேயே சோதனை. ஹார்வர்டில் நடந்தால்தான் நமக்குத் தெரியும்.

கரண்ட்போச்சு

யோவ், ஆபரேஷன் கத்தியை ஆட்டோகிளேவில் போடலாம், மருந்து உறிஞ்சிய சிலிக்கோனைப் போட்டு என்ன ஆகும்? ஒப்பீடு ஒட்டவில்லை.

கண்ணாடிக்காரர்

யோவ் எல்லாம் வேண்டாம், நான் உங்களைவிடப் பெரியவனாகத்தான் இருப்பேன். சிப்பைத் திரும்பப் பயன்படுத்தச் சொல்லவில்லை. எடை போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சிப்தான் குப்பையில் பெரும்பங்கு என்று யார் சொன்னது?

கரண்ட்போச்சு

மன்னிக்கவும் ஐயா. வாய் முந்திவிட்டது.

ஃபிரீசர் விஷயத்தில் ஒரு உபயோகமான தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன். மைனஸ் 80-ஐ மைனஸ் 70 என்று வைத்தால் கரண்ட் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். வெளிநாட்டில் பல பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. லேபில் சொன்னால் செல் செத்துவிடும் என்று சண்டைக்கு வருவார்கள். சேமித்து வைக்கும் செல், அந்தச் செல் பேங்க், எப்படியும் திரவ நைட்ரஜனில்தானே இருக்கிறது, ஃபிரீசரில் இருப்பது பாதி ஐந்து வருடம் முன்னால் படித்துவிட்டுப் போன மாணவர் வைத்த, பெயர் அழிந்த டியூப்.

நாகமலைக்காரி

(ஒன்பது நாள் கழித்து)

கண்ணாடிக்காரர் ஐயா சொன்னதைச் செய்தேன். ஒரு வாரக் குப்பையை ஆட்டோகிளேவ் முடிந்து சிவப்புப்பை அண்ணன் சொன்ன மாதிரி பிரித்து, பழைய பேப்பர் கடைக்காரரிடம் கொக்கித் தராசு இரவல் வாங்கி மாட்டினேன். என்னைப் பார்த்து லேபே சிரித்தது. கைடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

அந்த வாரம் ஓட்டிய சிப் எல்லாம் சேர்த்து என் ஒரு உள்ளங்கையில் அடங்கியது. தராசு முள் நகரவே இல்லை. மீதி முழுக்க கையுறை, டிப், டிப் வந்த டப்பா, பிப்பெட், அந்தப் பிப்பெட்டைச் சுற்றி வந்த உறை, மீடியம் பாட்டில், தெர்மகோல் பெட்டி. இத்தனை நாளும் சிலிக்கோனா சோளமா என்று அடித்துக்கொண்டது அந்த ஒரு கைப்பிடிக்காகத்தான். பாதிக் கையுறை, போனை எடுக்கக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டியதால் வந்தது. அதில் என் பங்கும் உண்டு.

டிப் டப்பாவைத் திரும்ப அடுக்கி ஆட்டோகிளேவ் செய்வதற்கு ஒப்புக்கொண்டார்கள். மீடியம் தயாரிக்கக் கண்ணாடி பாட்டில், அதற்கும் சரி. ஃபிரீசருக்கு இல்லை என்றுவிட்டார்கள், கரண்ட்போச்சு அண்ணன் சொன்னபடியே சண்டை. பெயர் அழிந்த டியூப்களை எடுக்க மட்டும் அனுமதி, இரண்டு ரேக் காலியானது. கையுறை பற்றி இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தவளைவாத்தியார்

பிளேட்லெட் பை என்ன ஆனது அம்மா? கன்றுக்குட்டி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

நாகமலைக்காரி

கடிதம் எழுதிக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன் ஐயா. நெறிமுறைக் குழு அடுத்த மாதம்தான் கூடுமாம்.

சிவப்புப்பை

கழிவுப் பை பார்கோடு எடுத்தீர்களா? கறுப்புக் கவர் இல்லையே?

நாகமலைக்காரி

எடுத்தாயிற்று அண்ணே, மஞ்சள் தனி, சிவப்பு தனி. நாளைக்குக் காலை ஒன்பது முதல் இரண்டு வரை எங்கள் பக்கம் பராமரிப்பு ஷட்டவுன் என்று மெசேஜ் வந்திருக்கிறது. இன்குபேட்டரில் எட்டு சிப் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐந்தாவது நாள். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று வாட்ச்மேன் அண்ணனைக் கேட்கப் போகிறேன். அப்புறம் வருகிறேன்.